தனக்குத் தானே குருவாதல்

ஒருவன் தனக்குத் தானே ஆசிரியனாக இருந்து ஞானத்தைப் பூர்த்தி செய்துகொள்ள இயலுமா என்ற வினாவுக்குச் சைவ சித்தாந்திகள் என்றோ விடை கூறிவிட்டார்கள். இயலாது என்பதே அந்த விடை. குருபக்தியை வளர்ப்பதற்காகச் சொன்ன உபசார வார்த்தையன்று அது. இருளானது பிற பொருள்களை மறைத்தாலும் தான் இருப்பதையேனும் கண்ணுக்குக் காட்டுகிறது என்றும், உயிரின் அறியாமைக்கு மூலமான ஆணவ மலமோ பொருளையும் மறைத்துத் தன்னையும் மறைத்து நிற்கிறது என்றும் உமாபதி சிவாசாரியார் திருவருட்பயனில் பிரித்துக் காட்டுகிறார். தன் அறியாமை தனக்கே புலப்படாதவன் எதைத் தேடிப் புறப்படுவான்?

பழந்தமிழ் நூல்கள் பலவும் கைபேசிக்குள் வந்து சேர்ந்துவிட்ட இக்காலத்தில் அந்தப் பழைய வினா மீண்டும் எழுகிறது. 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் தொண்டர்கள் எத்தனையோ நூல்களைத் தட்டெழுதி இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறார்கள். ஐயம் எழுந்தால் செயற்கை நுண்ணறிவு நொடியில் விளக்கம் சொல்கிறது. சாதி கேட்டுக் கதவடைத்த பாடசாலைகளையும், பெண்ணுக்குப் படிப்பெதற்கு என்ற வீடுகளையும் அறிந்தவர் எவரும் இந்த மாறுதலை அற்பமென்று ஒதுக்கமாட்டார்.

ஆயினும் 1880-இல் கும்பகோணத்தில் நிகழ்ந்த ஒரு சம்பாஷணையை இங்கே நினைக்க வேண்டியிருக்கிறது. கல்லூரித் தமிழாசிரியராக இருந்த உ.வே. சாமிநாதையர், முன்சீப் சேலம் இராமசுவாமி முதலியாரைக் காணச் சென்று, மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் தாம் பாடங்கேட்ட அந்தாதிகளையும் பிள்ளைத்தமிழ்களையும் புராணங்களையும் அடுக்கிக்கொண்டே போக, முதலியார் அவற்றையெல்லாம் ஒரு பொருட்டாகக் கருதாமல், சீவக சிந்தாமணியைப் படித்ததுண்டா என்று வினவினார். படித்ததில்லை. அந்த ஒரு கேள்வியிலிருந்துதான் ஏட்டுப் பிரதிகளைத் தேடிய அலைச்சலும், நச்சினார்க்கினியர் உரையோடு நடத்திய போராட்டமும், உரையிலும் விளங்காத சமண மதக் கருத்துக்களைக் கேட்டறிவதற்காக அவ்வூர்ச் சைனர்களின் வீடுகளுக்கு நடந்த நடையும் பிறந்து, 1887-இல் பதிப்பாக நிறைவெய்தின. ஐயரவர்களுக்குப் புத்தியும் குறைவில்லை, உழைப்பும் குறைவில்லை. தாம் அறியாத பெரும் பரப்பொன்று உண்டு என்ற செய்திதான் குறைந்திருந்தது. அதைப் பிறர் ஒருவர் வாயால் கேட்க நேர்ந்தது.

கைபேசியில் உள்ள கருவியோ கேட்டதற்கு விடை தருகிறதேயன்றி, நாம் கேளாததைத் தானாக வந்து கேட்பதில்லை. நேற்று நாம் விரும்பிப் பார்த்ததைக் கணக்கிட்டு இன்றும் அதன் சாயலிலேயே சிலவற்றை முன்வைக்கிறது; அந்தாதியில் மோகம் கொண்டவனுக்கு அந்தாதியாகவே கொண்டுவந்து குவிக்கும். ஆணவத்துக்கு இதைவிட இனிய உபசாரம் வேறில்லை.

நம்மை வினவும்படி கருவியையே பணிக்கலாமே என்பார் உளர். பணிக்கலாம், ஆனால் பணிப்பவன் மாணாக்கன், வினா சுடும்போது போதுமென்று நிறுத்துபவனும் அவனே. முதலியாரின் எதிரே அமர்ந்திருந்த ஐயருக்கு அந்தச் சௌகரியம் இருக்கவில்லை.

தாமே கற்க முனையும் இளைஞர்கள் கருவியைத் தாராளமாகக் கையாளட்டும். அதனோடு, தம் படிப்பைக் கண்டு எளிதில் மெச்சாத பெரியவர் ஒருவரைத் தேடிச் சென்று, கற்றதை அவர்முன் சொல்லிக்காட்டும் வழக்கத்தையும் கைக்கொள்ளுமாறு அவர்களை வேண்டிக்கொள்கிறேன்.