மராமத்தும் அமானிதமே

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்து மக்களுக்கு மராமத்து என்ற சொல்லுக்குப் பொருள் கூற வேண்டியதில்லை. வானம் பார்த்த இந்தக் கரிசல் பூமியில் கண்மாய்தான் வாழ்வு. உடைந்த கரையை அடைப்பதும், பழுதான மடையைச் செப்பனிடுவதும், வரத்துக் காலைத் தூர் வாருவதும் குடிமராமத்து எனப்பட்டன. இச்சொல்லின் பிற்பாதி அரபு மொழியிலிருந்து வந்தது என்பதை நம்மில் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. சொல் நம்முடையதாகிவிட்டது. அது குறிக்கும் கடமை நம்மிடம் இருக்கிறதா?

நம் இல்லங்களிலும், மத்ரஸாக்களிலும், ஜமாஅத் அலுவலகங்களிலும் பத்தாண்டு கடந்த மேசைக் கம்ப்யூட்டர்கள் எத்தனையோ உள்ளன. பிள்ளைகளின் பாடம், நிக்காஹ் பதிவு, சந்தாக் கணக்கு எல்லாம் அவற்றில்தான். அது மெதுவாகிவிட்டால், "தூக்கி எறிந்துவிட்டுப் புதிது வாங்குவோம்" என்கிறார் ஒருவர். "பிராசசரை மட்டும் மாற்றினால் போதும்" என்கிறார் இன்னொருவர். "ஓடுகிற வரை ஓடட்டும்" என்கிறார் மூன்றாமவர். இது கடைக்காரரிடம் மட்டும் கேட்க வேண்டிய கேள்வியா? இல்லை, சகோதரர்களே! பொருளைச் செலவிடும் இடமெல்லாம் மறுமையில் கேள்வி கேட்கப்படும் இடமே.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தம் செருப்பைத் தாமே தைத்துக்கொண்டார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்திருக்கிறார்கள். செத்துக் கிடந்த ஓர் ஆட்டைக் கண்டபோது, அதன் தோலையாவது பதனிட்டுப் பயன்படுத்தியிருக்கக் கூடாதா என்று பெருமானார் வினவியதும் ஹதீஸ்களில் உண்டு. எதற்கும் உதவாது என்று ஊரார் ஒதுக்கிய ஒன்றில் எஞ்சியிருந்த பயனை அந்த முபாரக்கான கண்கள் கண்டன. வக்ஃபின் வருமானத்தில் முதற்செலவு அச்சொத்தைப் பழுதுபார்ப்பதே என்றும், வக்ஃபு செய்தவர் அதை நிபந்தனையாகச் சொல்லாவிட்டாலும் அப்படித்தான் என்றும் ஹனஃபி சட்ட நூல்கள் கூறுகின்றன. ஆகவே பழுதுபார்ப்பது கஞ்சத்தனம் அன்று, அமானிதத்தைப் பேணுவதாகும்.

ஆயினும், மராமத்து என்று பெயரிட்டுவிட்டால் எல்லாச் செலவும் நற்செலவாகிவிடாது. வயலுக்குத் தண்ணீர் வரவில்லை என்றால், விவரமறிந்த விவசாயி உடனே மடையை அகலப்படுத்த மாட்டார். வரத்துக் காலில் மண் மேவியிருக்கிறதா என்று பார்ப்பார். கண்மாயிலேயே நீர் இல்லாதபோது மடையை அகலப்படுத்தி என்ன பயன்? கம்ப்யூட்டரும் அவ்வாறே. வேலை நடக்கும்போது டாஸ்க் மேனேஜரைத் திறந்து பாருங்கள். பிராசசர் இடைவிடாமல் 100 சதவீதத்தில் நின்றால் குறை அதில் இருக்கக்கூடும். டிஸ்க் 100 சதவீதத்தில் நிற்க, பிராசசர் சும்மா இருந்தால், பழைய ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. போடுவதே மருந்து. ராம் நிறைந்து வழிந்தால் ராம் சேர்க்க வேண்டும். நோயறியாமல் மருந்து வாங்குவதும் விரயமே.

பிராசசரைத்தான் மாற்ற வேண்டும் என்று தெளிந்த பிறகும் பொருத்தம் பார்க்க வேண்டும். தறியில் பாவுக்கு ஒவ்வாத அச்சைப் பூட்ட முடியாது என்பது அருப்புக்கோட்டை நெசவாளருக்குத் தெரியும். இன்டெல்லின் எல்ஜிஏ 1155 சாக்கெட்டில் 2-ஆம், 3-ஆம் தலைமுறைப் பிராசசர்கள் பொருந்தும்; பயாஸைப் புதுப்பித்துக்கொண்டால் பல போர்டுகளில் ஐ3-ஐ எடுத்துவிட்டு ஐ5 போடலாம். 4-ஆம் தலைமுறைக்குச் சாக்கெட்டே வேறு. 2017-இல் வந்த 8-ஆம் தலைமுறைக்கோ, சாக்கெட்டின் பெயர் முந்தியதைப் போலவே 1151 என்றிருந்தும், புதிய மதர்போர்டு தேவைப்பட்டது. பெயரை நம்பி வாங்கியவர் ஏமாந்தார். இதற்கு மாறாக ஏஎம்டி நிறுவனத்தின் ஏஎம்4 சாக்கெட்டில், 2017-இல் வந்த பல போர்டுகளே பிற்காலத்து ரைசன் 5000 வரிசையையும் ஏற்றன.

இங்கே இன்னொரு நியாயமும் உண்டு. 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு முடிந்தது. 2017 ஜனவரியில் வெளிவந்த ஐ7-7700, 2021 அக்டோபரில் வந்த விண்டோஸ் 11-இன் அங்கீகாரப் பட்டியலில் இல்லை. ஐந்தாண்டுகூட நிறையாத உயர்ரகப் பிராசசர், சக்தி குன்றாமலே ஒதுக்கப்பட்டது! விரயத்தின் குற்றம் வாங்குபவரை மட்டும் சார்ந்ததன்று. நன்றாய் உழைக்கும் பொருளைப் பழையதாக்கி விற்பவரையும் சாரும். ஆனால் அந்தக் கோபத்தில், பாதுகாப்பில்லாத இயந்திரத்தில் ஜமாஅத்தாரின் விவரங்களை வைத்து இணையத்தில் உலவவிடலாமா? கூடாது. அவையும் அமானிதமே. விண்டோஸ் 11-ஐ நாடி ஐ7-7700 வாங்கிப் பூட்டுவது வீண். சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் போன்றவற்றை நிறுவினால், அதே இயந்திரம் எழுத்து வேலைக்கும் கணக்குக்கும் பாதுகாப்பாக உழைக்கும்.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் மனிதனின் தேவைகளை மூன்று படிகளாகப் பிரித்தார்கள்: இன்றியமையாதவை, சிரமம் நீக்குபவை, அழகூட்டுபவை. நம் செலவு எந்தப் படியில் நிற்கிறது? மகள் பாடம் படிக்க முடியாமல் தவிக்கிறாள் என்றால் சிரமம் நீக்குவது தந்தையின் பொறுப்பு. மகன் விளையாட்டில் காட்சிகள் இன்னும் மினுங்க வேண்டும் என்று கேட்டால் அது அழகூட்டுவது; பைத்துல்மால் பணத்துக்கு அங்கே வேலையில்லை. செலவழிக்கும்போது விரயமும் செய்யாமல், உலோபமும் செய்யாமல் நடுநிலையில் நிற்போரைத் திருமறை (25:67) சிறப்பிக்கிறது. ஒரு பக்கம் திறக்கப் பத்து நிமிடம் காத்திருக்கும் கணக்கரின் நேரத்தைக் கொன்றுவிட்டுச் சிக்கனம் என்று பெருமை பேசுவதும் நடுநிலை அன்று.

பழைய பிராசசரை விற்பவரும் நினைவில் வைக்க வேண்டும். ஈரத் தானியத்தை அடியில் மறைத்து விற்றவரைப் பெருமானார் (ஸல்) கண்டித்தார்கள். சாக்கெட்டில் வளைந்த பின்னை மறைப்பதும் அதுவே. கழித்த பாகங்களைக் கண்மாய்க் கரையில் கொட்டிக் கொளுத்தாதீர்கள். அவற்றிலுள்ள ஈயமும் எரிந்த பிளாஸ்டிக்கின் நச்சும் அண்டை வீட்டாரின் மூச்சிலும் நீரிலும் கலக்கும். மின்னணுக் கழிவுக்கு 2022-இல் இயற்றப்பட்ட விதிகள் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளன. பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம் ஒப்படையுங்கள்.

எனவே, திருகாணியைக் கழற்றுமுன் நெஞ்சை மூன்று கேள்வி கேளுங்கள். குறை எங்கே என்று அறிந்தேனா? மாற்றுவதால் பயன் நீளுமா, என் ஆசை மட்டும் நீளுமா? கழித்ததை யாருக்கும் தீங்கில்லாமல் ஒப்படைப்பேனா? மூன்றுக்கும் நேர்மையான பதில் இருந்தால், அந்தச் சிறு வேலையும் நிய்யத்தால் நன்மையாகும். தந்த பொருளைப் பேணி, அளவறிந்து செலவிடும் தௌஃபீக்கை வல்ல நாயன் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.