மூடுவதற்கு முன்னால் ஏறிப் பாருங்கள்

“நாளைக்குக் காலையில் கான்கிரீட்” என்று மேஸ்திரி சொல்லிவிட்டாரா? அப்படியானால் மற்ற வேலைகளைப் போட்டுவிட்டு இன்றைக்கே சாரம் ஏறுங்கள், அண்ணாச்சி. புளியங்குடியில் வீடு கட்டுகிறவர்கள் ஹாலுக்கு எந்த டைல்ஸ், முகப்புக்கு எந்த நிறம் என்று குடும்பத்தோடு தென்காசிக்கும் ராஜபாளையத்துக்கும் அலைகிறார்கள். கம்பிக்கு நடுவே ஓடும் பைப்பை எட்டிப் பார்க்க மட்டும் ஒருவருக்கும் நேரமில்லை. கான்கிரீட் விழுந்த பிறகு நேரம் கிடைத்து என்ன பயன்?

பார்க்க வேண்டியது அதிகமில்லை. கரண்டு பைப் சென்ட்ரிங் தகட்டில் படுத்துக் கிடக்கக் கூடாது. அடிக்கம்பிக்கு மேலே, கட்டுக்கம்பியால் கட்டப்பட்டிருக்க வேண்டும். ஐந்தாறு பைப்புகளை ஒரே இடத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றியிருந்தால் பிரித்துப் போடச் சொல்லுங்கள். 5 அங்குலத் தளத்தில் அந்த இடத்தில் கான்கிரீட் மெலிந்து, பின்னால் கீறல் விடும். இணைப்புகளில் பசை தடவியிருக்கிறதா, பைப்பின் வாய் அடைத்திருக்கிறதா என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பாருங்கள். திறந்த வாய்க்குள் சிமெண்ட் பால் இறங்கி இறுகிவிட்டால் வயர் போகாது. அப்போது எலக்ட்ரீஷியன் சுத்தியலோடு உங்கள் தளத்தைக் கொத்த வருவார்.

சுவரைக் கட்டர் வைத்து அறுப்பதிலும் நியாயம் வேண்டும். சுமை தாங்கும் 9 அங்குலச் சுவரில் நேர்குத்தாக 3 அங்குலம், படுக்கையாக ஒன்றரை அங்குலம். அதற்கு மேல் ஆழம் போகக் கூடாது என்பது ஐஎஸ் 1905 தரநிலையின் கணக்கு. பில்லரிலும் பீமிலும் கை வைக்கவே விடாதீர்கள்.

தரைக்கு வருவோம். பேஸ்மெண்ட்டுக்குள் கிராவலை ஒரே நாளில் கொட்டி நிரவிவிட்டு, மேலே கான்கிரீட் போட்டு மூடுவதுதான் இன்று நடக்கிற பெரிய அவசரம். அரை அடிக்கு ஓர் அடுக்காகத் தண்ணீர் விட்டுத் திமிசு போட்டால்தான் மண் இறுகும். இல்லையென்றால் இரண்டு மழை கண்டதும் தரை உள்வாங்கும். டைல்ஸ் கடைக்காரரைத் திட்டிப் பயனில்லை. கழிவுநீர்க் குழாய்கள் எந்த வழியாக வெளியேறும் என்பதும் அந்தக் கான்கிரீட்டுக்கு முன்பே முடிவாக வேண்டும். குளியலறைத் தரைக்கு 4 அடிக்கு ஓர் அங்குலம் வாட்டம் கொடுங்கள். வாட்டர்ப்ரூஃப் முடிந்ததும், டைல்ஸ் ஒட்டுவதற்கு முன்னால் 48 மணி நேரம் தண்ணீர் கட்டி நிறுத்துங்கள். மாடியென்றால் கீழே போய்க் கூரையில் கசிவு தெரிகிறதா என்று பாருங்கள். தண்ணீர்க் குழாயையும் பூச்சுக்கு முன் பம்பு வைத்து அழுத்திச் சோதியுங்கள். கேஜ் முள் இறங்கினால் எங்கோ ஒழுகுகிறது.

வளைகுடாவில் இருந்துகொண்டு வாட்சப்பில் வீடு கட்டுகிறவர்களே, நிலை வைத்த படம், பால்காய்ப்புப் படம் எல்லாம் இருக்கட்டும். மூடப்போகும் ஒவ்வொரு இடத்தையும் டேப் பிடித்து, அளவு தெரியும்படி படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பத்து வருடம் கழித்து அதே சுவரில் ஆணி அடிக்கப்போகிறவருக்கு அந்தப் படம்தான் துணை.

இதில் விளையாடக் கூடாத இடம் ஒன்று உண்டு: எர்த். பச்சை வயரை ஹீட்டர் பாயிண்டு வரை இழுக்காமல், சுவிட்ச் போர்டுக்குள் ஒரு துண்டை மட்டும் செருகிக் காட்டினாலும் பல்பு எரியும், ஃபேன் சுற்றும். ஈரக்கையோடு குழாயைத் தொடுகிற பிள்ளைக்குத்தான் வித்தியாசம் தெரியும். எம்சிபி இருக்கிறதே என்று சமாதானம் சொல்லாதீர்கள். அது வயரைக் காப்பது. ஆளைக் காப்பது 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி. போகிற கரண்டுக்கும் திரும்புகிற கரண்டுக்கும் வித்தியாசம் வந்தவுடன் அது இணைப்பைத் துண்டிக்கும். சில ஆயிரம் ரூபாய்தான் விலை. பாயிண்டுக்கு இவ்வளவு என்று அடிமாட்டு விலைக்குப் பேசிவிட்டு வேலையில் நேர்மையை எதிர்பார்க்கிறவர்களையும் இங்கே சொல்லியாக வேண்டும். ஆளுக்கு நியாயமான கூலியைக் கொடுத்துவிட்டு, எர்த் வயரைக் கண்முன்னே சோதித்துக் காட்டச் சொல்லுங்கள். இணைப்பு வாங்குவதற்காக, வயரிங்கைப் பார்க்காத ஒருவரிடம் டெஸ்ட் ரிப்போர்ட்டில் கையெழுத்து வாங்குவது உங்கள் குடும்பத்துக்கு நீங்களே செய்யும் துரோகம்.

கடைசியாக, செப்டிக் டேங்க். அதைக் காம்பவுண்டு மூலையில் புதைத்து, மேலே டைல்ஸ் ஒட்டி மறைத்துவிட்டால் நிறைந்த அன்று என்ன செய்வீர்கள்? பாதுகாப்புக் கருவி இல்லாமல் ஒரு மனிதரைத் தொட்டிக்குள் இறக்குவது 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்; முதல் தடவைக்கே 2 ஆண்டு வரை சிறை அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே. தொட்டிக்குள் தேங்கும் வாயு ஆளைச் சட்டென்று கொல்லும். ஆகவே லாரிக் குழாய் எட்டுகிற இடத்தில், திறக்கக்கூடிய மூடியோடு தொட்டியை அமையுங்கள். அந்த இடத்தை இன்றைக்கே பிளானில் குறியுங்கள்.