அடி

என் தாத்தா தவில்காரர். வலது கை விரல்களில் கூடு மாட்டி, இடது கையில் குச்சி பிடித்து வாசிப்பார். பாடம் சொல்லும்போது, “அடிக்காதேடா, வாசி” என்பார். இரண்டும் எந்த இடத்தில் வேறாகின்றன என்று இன்றும் யோசிக்கிறேன்.

போரில் அடி என்றால் வீழ்த்துவது, தோற்றவன் அடிபணிகிறான். அரசியலில் கொடி கட்டுபவன் அடிமட்டத் தொண்டன். கோயிலில் அதே அடி திருவடி. அதைப் பற்றியவர் அடியார். அடிப்பவன், அடிபட்டவன், அடைக்கலம் தருபவன் மூவரும் ஒரே சொல்லுக்குள் குடியிருக்கிறார்கள்.

என்னை உறுத்துவது ‘அடிமை’. அடிமை முறைக்கு இருந்த சட்ட ஆதரவை 1843-ல் கிழக்கிந்தியக் கம்பெனி அரசு நீக்கியது. பெரியபுராணத்திலோ, சுந்தரரின் கல்யாணப் பந்தலுக்கு ஓலையோடு கிழவராக வந்த சிவன் ‘இவன் என் அடிமை’ என்று வழக்காடுகிறார். அதுவே சுந்தரருக்குப் பெரும்பேறு ஆகிறது. மனிதனுக்கு அடிமையானால் இழிவு, இறைவனுக்கு ஆனால் பேறா? பண்ணையில் சவுக்கடி பட்டவனிடம் இதைச் சொல்ல எனக்கு நாக்கு எழாது.

மதுரைக் கதை ஒன்றுதான் கொஞ்சம் ஆறுதல். பிட்டுக்கு மண் சுமக்கக் கூலியாளாக வந்த சிவனைப் பாண்டியன் பிரம்பால் அடித்தான். அந்த அடி எல்லோர் முதுகிலும், பாண்டியன் முதுகிலும் விழுந்தது. திருவடி உடையவனே அடி வாங்குகிறான். அப்படிப்பட்டவனுக்கு அடிமை என்று சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சமில்லை.

தாத்தாவும் கச்சேரி முடிந்ததும் தவிலின் தோலை ஒருமுறை தடவிக் கொடுத்த பிறகுதான் உறையில் போடுவார்.