கடிகாரம் உனக்கு, பத்திரம் அவனுக்கு

"அம்மா ஞாபகமா இதை நீ வெச்சுக்கம்மா." மதுரையிலும் சுற்றுவட்டாரத்திலும் பாகப் பிரிவினை நாளில் மகளிடம் சொல்லப்படும் வாக்கியம் இது. அவள் கையில் வைக்கப்படுவது ஒரு பட்டுப்புடவையாக இருக்கலாம், அம்மா கட்டியிருந்த கைக்கடிகாரமாக இருக்கலாம். சற்று நேரத்தில் அதே கை விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போடுகிறது. அண்ணனுக்கு வீடு, தங்கைக்கு ஞாபகம். இந்தப் பங்கீட்டில் ஞாபகத்தின் மதிப்புதான் என்ன?

எச்.எம்.டி. நிறுவனம் 1961ல் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தோடு சேர்ந்து பெங்களூரில் கைக்கடிகாரம் செய்யத் தொடங்கியது. தமிழ்நாடு அரசின் டிட்கோவும் டாடாவும் கைகோத்த டைட்டன் 1984ல் பிறந்து ஓசூரில் ஆலை கண்டது. அந்தப் பத்தாண்டுகளில்தான் ஆசிரியை, செவிலியர், அலுவலக எழுத்தர் என்று பெண்கள் பலர் தங்கள் குடும்பத்தில் முதன்முறையாக மாதச் சம்பளத்துக்குப் போனார்கள். மாப்பிள்ளைக்கு வாட்ச் சீரோடு வந்தது. இவர்களுக்கு அது சம்பளத்தோடு வந்தது. மேலூருக்கோ உசிலம்பட்டிக்கோ முதல் பஸ்ஸைப் பிடிக்க வேண்டிய ஒருத்திக்கு அது அலங்காரப் பொருள் அல்ல, வேலைக் கருவி. தினமும் காலையில் சாவி கொடுத்தால்தான் ஓடும்.

அவளிடம் தங்கமும் இருந்தது. ஆனால் அது பெயருக்குத்தான் அவளுடையது. விதைநெல், ஆஸ்பத்திரி, மகனின் கல்லூரிக் கட்டணம் என்று எது வந்தாலும் வளையல் கழன்று தெற்காவணி மூல வீதிப் பக்கம் போகும். சில முறை திரும்பும், சில முறை மூழ்கும். பழைய கடிகாரத்தை எந்த அடகுக்கடையும் ஏறெடுத்துப் பார்க்காது. விலை போகாததால்தான் அது கடைசிவரை அவளிடமே தங்கியது.

இப்படித் தங்கிய பொருளின் மதிப்பை "வெறும் சென்டிமென்ட்" என்று ஒதுக்கிவிடுகிறோம். கொஞ்சம் யோசித்துப் பார்ப்போம். அம்மாவின் கடிகாரத்தை எடுத்துவிட்டு, அதே மாடலில், அதே கீறலோடு இன்னொன்றை யாரோ வைத்துவிடுகிறார்கள். மகளுக்குத் தெரியாதவரை அவள் உணர்ச்சியில் எந்தக் குறையும் இல்லை. தெரிந்த அன்று, தான் ஏமாற்றப்பட்டதாகச் சொல்வாள். ஏன்? அவளுக்கு வேண்டியிருந்தது ஓர் உணர்ச்சி மட்டுமல்ல. அம்மாவின் கையில் உண்மையில் இருந்த அந்த ஒன்று. நினைவின் மதிப்பு நடந்த உண்மையைப் பற்றிக்கொண்டு நிற்கிறது. அதனால் அது ஒரு சாட்சியும்கூட.

இதை மதுரைக்குப் புதிதாகச் சொல்லத் தேவையில்லை. சிலப்பதிகாரத்தில் கண்ணகியின் சிலம்பு இங்கே வந்தது நினைவுப் பொருளாக அல்ல. கணவன் மீண்டும் வணிகம் தொடங்க முதலாக. மனைவியின் நகை கணவனின் மூலதனமாவது அவ்வளவு பழைய வழக்கம். பொற்கொல்லனுக்கும் அரசனுக்கும் ஒரு சிலம்பும் இன்னொரு சிலம்பும் ஒன்றுதான். கண்ணகியின் வழக்கே அது ஒன்றல்ல என்பதுதான். அரசியின் சிலம்பில் முத்து, தன் சிலம்பில் மாணிக்கம் என்று உடைத்துக் காட்டினாள். தன் பொருளைத் தான் அறிந்திருந்த அறிவே நீதி கேட்க அவளுக்கு ஆதாரமாயிற்று.

யாருடைய ஞாபகத்துக்கு விலை உண்டு என்பது அடுத்த கேள்வி. 1921 செப்டம்பரில் மேலமாசி வீதியில் தங்கியிருந்த காந்தி, இனி இடுப்புத்துணி மட்டுமே என்று முடிவெடுத்தார். சட்டையைத் துறந்தவர் கடிகாரத்தைத் துறக்கவில்லை. இந்திரா கொடுத்த ஜெனித் கடிகாரம் ரயில் பயணத்தில் திருடுபோனபோது அவருக்கும் வருத்தம் இருந்தது. பிறகு அது திரும்பி வந்தது. அந்தக் கடிகாரமும் அவருடைய மூக்குக்கண்ணாடி, செருப்பு, கிண்ணம், தட்டு ஆகியவையும் 2009 மார்ச்சில் நியூயார்க்கில் 18 லட்சம் டாலருக்கு ஏலம் போயின. பெரிய மனிதரின் நினைவு ஏலத்துக்கு வந்தால் சொத்து. முப்பது வருடம் பாடம் நடத்திய ஒருத்தியின் நினைவு, சொத்தை விட்டுக்கொடுப்பதற்கான ஆறுதல் பரிசு.

சட்டம் என்ன சொல்கிறது? 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் இறந்த பெண் தானே சம்பாதித்த சொத்தில் மகனுக்கும் மகளுக்கும் கணவருக்கும் சம பங்கு. பூர்வீகச் சொத்தில் மகளுக்குப் பிறப்புரிமை தந்த தமிழ்நாட்டின் 1989ஆம் ஆண்டுத் திருத்தம், அதற்கு முன்பே மணமானவர்களை வெளியே நிறுத்தியது. 2005ல் வந்த மத்தியத் திருத்தத்தில் அந்தத் தடை இல்லை. அந்த உரிமைக்கு 2005ல் தந்தை உயிரோடிருக்க வேண்டியதில்லை என்று 2020ல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. ஆக, மகளுக்குப் பங்கு இல்லாததால் ஞாபகம் கொடுக்கப்படவில்லை. பங்கு இருப்பதால்தான் ஞாபகமும் கையெழுத்தும் ஒன்றாகக் கேட்கப்படுகின்றன.

"எனக்குப் பங்கு வேண்டாம், பிறந்த வீடு வேண்டும்" என்று சொல்லும் பெண்களை நான் ஏமாளிகள் என்று நினைக்கவில்லை. கணவன் வீட்டில் அடி விழும் இரவில் போய் நிற்க ஒரு வாசல் வேண்டும் என்பது கணக்கு அறிந்தவளின் பேச்சு. ஆனால் பங்கு கேட்டால் அடைத்துக்கொள்ளும் வாசல், அந்த இரவில் திறக்குமா? விட்டுக்கொடுப்பது பெருந்தன்மையாக வேண்டுமானால் மூன்று தேவை: என்ன விடுகிறோம் என்று தெரிய வேண்டும், மறுக்க முடிய வேண்டும், மறுத்த பிறகும் அண்ணன் அண்ணனாக இருக்க வேண்டும். இவை இல்லாத இடத்தில் நடப்பது விட்டுக்கொடுத்தல் அல்ல, பறிகொடுத்தல். அங்கே பாசத்தின் பெயரும் சேர்ந்தே கெடுகிறது.

ஆகவே அந்தக் கடிகாரத்தை வேண்டாம் என்று தள்ள வேண்டியதில்லை. உரிமை பேசுகிறவள் உணர்ச்சியற்றவளாக இருக்க வேண்டும் என்பதும் அவர்கள் வகுத்த விதிதான். வாங்கிக்கொள்ளலாம், சாவி கொடுக்கலாம், கட்டிக்கொள்ளலாம். எதற்கு அது சாட்சி என்பதை மட்டும் மறக்கக் கூடாது. அந்த மணிக்கட்டு வேலைக்குப் போயிருக்கிறது. இப்போது பிரிக்கப்படும் வீட்டின் கடன் தவணையில் அந்தச் சம்பளமும் இருக்கிறது. அம்மாவை நினைப்பது என்றால் அதையும் சேர்த்து நினைப்பதுதான். ஒரு கையில் கடிகாரம் இருக்கட்டும். மறு கை பத்திரத்தை வாங்கி, கையெழுத்துப் போடும் முன் முழுவதும் படிக்கட்டும்.