கலங்கிய நீர்

தெளிந்த நீரைத்தான் நல்ல நீர் என்போம். இமயத்தில் பனியாறு ஒன்று முடியும் கோமுகத்தில் அந்தக் கணக்கு செல்லாது.

ஏறத்தாழ 30 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தக் கங்கோத்ரி பனியாறு, அடியில் கிடக்கும் பாறையை அம்மியில் அரைப்பதுபோல் அரைத்துக்கொண்டே மெல்ல நகர்கிறது. அரைபட்ட பாறை மாவு உருகிய நீரில் கலந்துவிடுவதால், கங்கையின் தலையாறான பாகீரதி அங்கே பிறக்கும்போதே சாம்பல் நிறம். காலையில் சற்று அடங்கியிருக்கும் நீர், வெயில் ஏறியபின் பெருகிக் கலங்கும். ஒரு சொம்பில் பிடித்து வைத்துப் பாருங்கள்: மணல் உடனே அடியில் தங்கிவிடும், மாவு மணிக்கணக்கில் மிதக்கும்.

உறைந்து கிடக்கும்வரை பனி வெண்மைதான். இளகி ஓடத் தொடங்கினால் கலங்கத்தான் செய்யும்.

வேகம் இருக்கும்வரை ஆறு சுமக்கிறது. வேகம் தணிந்த இடத்தில் கொடுக்கிறது. முதலில் கல்லை இறக்கும், பிறகு மணலை, கடைசியில் வண்டலை. கங்கைச் சமவெளியின் வயல்களும் வங்கத்துக் கழிமுகமும் இப்படி இமயத்திலிருந்து இறங்கி வந்தவைதாம். (பாறை மாவு அதில் ஒரு பங்கே, வழிநெடுகச் சரிவுகள் உதிர்த்த மண்ணே அதிகம்.)

ஆனால் சமவெளியை எட்டும் முன்பே தெஹ்ரி அணையில் பாகீரதி நின்று போகிறது. வண்டலில் பெரும்பகுதி நீர்த்தேக்கத்தின் அடியிலேயே தங்கிவிட, அணையைத் தாண்டி வரும் நீர் தெளிவாக இருக்கிறது. பார்க்க அழகுதான். ஆனால் அந்தத் தெளிவோடு கீழே உள்ள வயலுக்குப் புது மண் வருவதில்லை.