கடன்பட்டு வாழ்வோம்

யாருக்கும் கடன்படாமல் வாழ வேண்டும் என்று சொல்லித்தான் நம்மை வளர்த்தார்கள். பணக்கடனைப் பொறுத்தவரை அது நல்ல அறிவுரை. நகரவாசிகளான நாம் அதை உறவுகளுக்கும் நீட்டிவிட்டோம். ஊருக்கு வருகிற நண்பர், நமக்குச் சிரமம் கொடுக்கக் கூடாதென்று ஓட்டலில் தங்குகிறார். நாமும் அதைப் பண்பு என்று பாராட்டுகிறோம். யாராவது ஓர் உதவி செய்துவிட்டால், அதே அளவுக்குத் திருப்பிச் செய்து முடிக்கும்வரை நமக்கு நிம்மதி இல்லை. எவர் தயவும் இல்லாமல் காலம் தள்ளுவதுதான் கௌரவமா? இந்தக் கேள்வியைப் பால்மர்ஸ்டன் தீவு எனக்குள் ஆழமாக விதைத்தது.

பால்மர்ஸ்டன், தென் பசிபிக்கில் குக் தீவுகளைச் சேர்ந்த பவளத்தீவு. தலைநகர் இருக்கும் ரரோட்டோங்காவிலிருந்து வடமேற்கே ஏறத்தாழ 500 கிலோமீட்டர் தொலைவு. விமானத் தளம் கிடையாது. சரக்குக் கப்பல் ஆண்டுக்குச் சில முறைதான் எட்டிப் பார்க்கும். இங்கிலாந்தில் பிறந்த வில்லியம் மார்ஸ்டர்ஸ் 1863-இல் பாலினேசியப் பெண்களோடு இங்கே குடியேறினார். மூன்று மனைவியர், மூன்று குடும்பங்கள். நிலத்தை மூன்று கிளைகளுக்கும் பகுத்து, ஒரே கிளைக்குள் மணம் செய்யக் கூடாதென்று விதியும் வகுத்துவிட்டு, 1899-இல் அவர் இறந்தார். இன்று தீவில் வாழ்பவர்களில் அநேகமாக எல்லோரும் அவர் வழிவந்தவர்களே. 2016 கணக்கெடுப்பில் இருந்தவர்கள் 58 பேர்.

புயல் ஓய்ந்திருக்கும் மே முதல் அக்டோபர் வரையான மாதங்களில், போரா போராவிலிருந்து மேற்கே போகும் பாய்மரப் படகுகள் சில இங்கே நின்று போகும். நண்பர் ஒருவரின் படகில் துணையாளாக நானும் அப்படித்தான் போய்ச் சேர்ந்தேன். பவளப்பாறை வளையத்துக்குள் நுழையும் வழிகள் பாய்மரப் படகுக்குப் போதுமான ஆழமில்லாதவை. வெளியிலேயே நிற்க வேண்டும். அங்கே பாறையை ஒட்டிக் கொஞ்ச தூரம்தான் நங்கூரம் பிடிக்கும். அதைத் தாண்டினால் கடல் சட்டென்று பாதாளமாகிவிடும். காற்று மேற்கிலிருந்து திரும்பி அடித்தால் படகு பாறையில் மோதும். ஆகவே வந்த கணத்திலிருந்தே நாம் தீவுக்காரர்களை நம்பித்தான் ஆக வேண்டும். பாய்மரம் கண்ணில் பட்டதும் அவர்கள் அலுமினியப் படகில் விரைந்து வருகிறார்கள். எந்தக் குடும்பத்தின் படகு முதலில் வந்து சேர்கிறதோ, வந்தவர்கள் அந்தக் குடும்பத்தின் விருந்தினர். படகைக் கட்டும் இடம், கரைக்குப் போக வர, சாப்பாடு எல்லாம் அவர்கள் பொறுப்பு. நீங்கள் யார், என்ன தகுதி என்று யாரும் கேட்பதில்லை.

எங்களை அழைத்துப் போன வீட்டில் கிளிமீனும் சோறும் தேங்காயும் பரிமாறினார்கள். அந்தத் தீவில் அரிசி விளையாது. கப்பலில் வந்தால்தான் உண்டு. அடுத்த கப்பல் எப்போது என்று தெரியாத வீட்டில் எங்கள் தட்டில் சோற்றைக் குவித்தார்கள். பணத்தை எடுத்தபோது அந்த வீட்டு அம்மா முகம் சுருங்க, கையால் ஒதுக்கிவிட்டார். கிளிமீனை உறையவைத்து ரரோட்டோங்காவுக்கு அனுப்புவதுதான் அவர்களுக்கு முக்கிய வருமானம். அந்த வீட்டின் ஃப்ரீசர் பழுதாகிக் கிடந்தது. மின்வேலை தெரிந்த என் நண்பர் அரைநாள் உட்கார்ந்து அதைச் சரிசெய்தார். பெரிய நன்றியுரை எதுவும் இல்லை. மறுநாள் படகுக்கு இன்னும் மீன் வந்தது.

இதை நட்பு என்பதா, பண்டமாற்று என்பதா என்று சிலர் கேட்கலாம். படகில் வருகிறவர்களால் தீவுக்குப் பயன் உண்டு. மாவு, பெட்ரோல், உறவினர் கொடுத்தனுப்பும் பார்சல் என்று எத்தனையோ வந்து சேர்கின்றன. தேவை இருக்கிற இடத்தில் அன்பு கலப்படமாகிவிடும் என்பது நம் காலத்தின் நம்பிக்கை. நான் அதை ஏற்கவில்லை. கடையில் பொருளை வாங்கிப் பணத்தைக் கொடுத்தால் கணக்கு அங்கேயே முடிந்தது. பால்மர்ஸ்டனில் கணக்கை முடிக்க யாருக்கும் விருப்பமில்லை. மீனுக்குப் பதில் வேலை, வேலைக்கு மேல் மறுபடி மீன் என்று ஒவ்வொரு முறையும் யாராவது ஒருவர் கடன்பட்டே நிற்கிறார். அந்த மிச்சம்தான் மறுநாளும் அவர்களைச் சந்திக்க வைக்கிறது.

அங்கே ஆண்டுக்கொருமுறை, சிவந்த நீண்ட வாலுள்ள ஒரு வெள்ளைக் கடற்பறவையின் குஞ்சுகளைப் பிடித்து வந்து தீவிலுள்ள எல்லோருக்கும் சமமாகப் பங்கிடுவார்கள். மூன்று கிளைகளுக்குள் நிலத்தகராறும் மனஸ்தாபமும் உண்டு. பங்கு மட்டும் தவறுவதில்லை. அப்படிப் பழகிய கைகளுக்கு, கடலில் வந்தவனும் இன்னொரு பங்குக்காரன்.

அந்த வாழ்க்கை எளிதானது என்று நான் சொல்ல வரவில்லை. கடும் நோய் வந்தால் அருகில் ஆஸ்பத்திரி இல்லை. இளையவர்கள் ரரோட்டோங்காவுக்கும் நியூசிலாந்துக்கும் போய்விடுகிறார்கள். தாழ்வான மணல்மேட்டைக் கடல் எப்போது வேண்டுமானாலும் மூடலாம். 1926 புயலில் தீவு பெரும் சேதத்தைச் சந்தித்தது. தனியாகச் சமாளித்துவிடலாம் என்ற எண்ணம் அந்த மண்ணில் முளைக்கவே முடியாது. நமக்கும் உண்மை நிலை அதுதான். நம் அரிசியும் மருந்தும் மின்சாரமும் யார் யாருடைய உழைப்பிலோ வருகின்றன. இடையில் பணம் நிற்பதால் அந்த முகங்கள் நமக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான்.

கொடுப்பதை அறம் என்று எல்லோரும் நமக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். கூசாமல் பெற்றுக்கொள்வதும் அறம்தான். அதற்குப் பணிவு வேண்டும், எதிரில் இருப்பவர் மீது நம்பிக்கை வேண்டும். அன்போடு ஒருவர் தருவதை விலை போட்டு உடனே தீர்த்துவிடாதீர்கள். கொஞ்ச காலம் அவருக்குக் கடன்பட்டவராகவே இருங்கள். தேவைப்படும்போது நீங்களே போய்க் கேளுங்கள். உறவு வளர வேறு வழி இல்லை.