எந்தத் தெரு?

புதிதாக வந்து சேரும் பிள்ளையிடம் முதலில் பெயரைக் கேட்போம். அடுத்து ஊரைக் கேட்போம். தென் மாவட்டங்களில் மூன்றாவதாக இன்னொரு கேள்வியும் வரும்: "ஊர்ல எந்தத் தெரு?" வழி தெரிந்துகொள்வதற்காகக் கேட்கிற கேள்வி இல்லை இது. கேட்கிறவருக்கும் அது தெரியும், பதில் சொல்லும் பிள்ளைக்கும் தெரியும். 1929இல் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாட்டில், பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் போடுவதை விட்டுவிட வேண்டும் என்று தீர்மானித்தார்கள். அந்த இயக்கத்தின் பலனாக இன்று நம் வகுப்பில் பெயர் கூப்பிடும்போது முன்னெழுத்தும் பெயரும் மட்டும்தான் காதில் விழுகின்றன. பல மாநிலங்களுக்கு இன்னும் வாய்க்காத பெரிய காரியம் இது. ஆனாலும் பெயரைவிட்டுப் போன சாதி, தெருவின் வழியாகவும் குலசாமியின் வழியாகவும் மணிக்கட்டில் கட்டிய கயிற்றின் நிறத்தின் வழியாகவும் வகுப்பறைக்குள் திரும்ப வந்து உட்கார்ந்துகொண்டது.

அரசு மேல்நிலைப் பள்ளித் தமிழாசிரியையாக என் வாழ்வின் பெரும்பகுதி கழிந்தது. இப்போது இளம் ஆசிரியர்கள் சிலர் வந்து பேசிக்கொண்டிருப்பார்கள். பிள்ளைகள் தங்களைப் பற்றி யோசிக்கவும் பேசவும் வகுப்பில் இடம் வேண்டும் என்று அவர்கள் மனதார விரும்புகிறார்கள். பயிற்சி வகுப்புகளில் கிடைத்த 'நான் யார்?' தாள்களை எடுத்துக் காட்டுகிறார்கள். நடுவில் பெயர். சுற்றிலும் வட்டங்கள்: என் குடும்பம், என் தாய்மொழி, அப்பாவின் தொழில், எங்கள் வீட்டுப் பண்டிகை, எனக்குப் பெருமை தருவது. எழுதி முடித்ததும் ஒவ்வொருவராக முன்னால் வந்து வாசிக்க வேண்டும். அவர்களுடைய விருப்பத்தை நான் மதிக்கிறேன். அந்தத் தாளைப் பார்த்தால் மட்டும் எனக்கு அச்சமாக இருக்கிறது.

தாய்மொழியையே எடுத்துக்கொள்வோம். அதில் என்ன இருக்கிறது என்று தோன்றும். கோவில்பட்டிப் பக்கம் ஒரே வகுப்பில் நாயக்கர் வீட்டுப் பையனும் அருந்ததியர் வீட்டுப் பெண்ணும் உட்கார்ந்திருப்பார்கள். இருவர் வீட்டிலும் தெலுங்குதான். அவன் கூச்சமில்லாமல் சொல்லிவிடுவான். அவள் 'தமிழ்' என்று எழுதிவிட்டு அடுத்த வட்டத்துக்குப் போய்விடுவாள். அம்மா சந்தைக்கு வந்து தன்னைத் தெலுங்கில் கூப்பிட்டால் காதில் விழாததுபோல் நடக்கக் கற்றுக்கொண்ட பிள்ளைகள் உண்டு. ஒருவனுக்குப் பெருமையாக இருக்கும் அதே மொழி, அவளைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது. அப்பாவின் தொழில் என்ற வட்டமும் அப்படித்தான். பாதிப் பேர் 'கூலி' என்று எழுதி முடித்துக்கொள்வார்கள். அந்த ஒரு சொல்லுக்குள் துப்புரவுப் பணியும் இருக்கும், செங்கல் சூளையும் இருக்கும், எப்போதோ வீட்டை விட்டுப் போய்விட்ட தகப்பனும் இருப்பார்.

"உதவித்தொகை வாங்குறவங்க எல்லாம் எந்திரிங்க." எத்தனை பள்ளிகளில் இந்தக் குரலைக் கேட்டிருக்கிறேன். சொல்கிறவர் படிவத்தை நிரப்பும் அவசரத்தில் இருப்பார், வன்மம் ஏதும் இருக்காது. ஆனால் எழுந்து நிற்கிற பிள்ளையை மொத்த வகுப்பும் திரும்பிப் பார்க்கும். 1992இல் வெளிவந்த 'கருக்கு' நூலில், வகுப்பில் இப்படிச் சாதியைச் சொல்லி எழுந்து நிற்க வைத்ததை பாமா எழுதியிருக்கிறார். எத்தனை ஆண்டுகள் கழித்தும் அந்த நிமிடத்தின் கூச்சம் அவருடைய எழுத்தில் ஆறாமல் இருக்கிறது.

இது வெறும் மனவருத்தம் என்று நினைப்பவர்களுக்கு ஓர் ஆய்வைச் சொல்வேன். கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே என்ற இரு பொருளியல் ஆய்வாளர்கள் உத்தரப் பிரதேசக் கிராமத்துப் பையன்களிடம் செய்தது. ஆறாம், ஏழாம் வகுப்புப் பையன்கள். தாளில் அச்சிட்ட புதிர்ப்பாதைகளுக்கு வழி கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடித்தால் காசு. யார் எந்தச் சாதி என்று சொல்லாமல் விட்டபோது தலித் பையன்களும் உயர்சாதிப் பையன்களும் ஏறக்குறைய ஒரே அளவுக்குப் புதிர்களை விடுவித்தார்கள். வேறு சில குழுக்களில், ஆரம்பிக்கும் முன் ஒவ்வொருவனின் பெயரையும் தகப்பன் பெயரையும் ஊரையும் சாதியையும் எல்லாருக்கும் கேட்கும்படி வாசித்தார்கள். வேறு எதுவும் செய்யவில்லை. தலித் பையன்கள் விடுவித்த புதிர்களின் எண்ணிக்கை குறைந்துபோனது. 2006இல் இந்த முடிவுகள் ஆய்விதழில் வந்தன. பையன்களின் அறிவு அந்த நிமிடத்தில் எங்கும் போய்விடவில்லை. உரக்க வாசித்த அந்தப் பட்டியல்தான் அவர்கள் கையைக் கட்டிப்போட்டது.

அப்படியானால் இதைப் பற்றிப் பேச்சே எடுக்காமல் இருந்துவிடலாமே என்பார்கள். "என் வகுப்புல சாதியே கிடையாதுங்க, எல்லாரும் என் பிள்ளைங்க." நல்ல மனம் உள்ள ஆசிரியர்கள் சொல்லும் வார்த்தை. அதை நான் நம்புவதில்லை. ஆசிரியருக்குத் தெரியாதது பிள்ளைகளுக்கெல்லாம் தெரியும். யார் யாரோடு பேருந்தில் உட்காரலாம், யார் குடித்த பாட்டிலில் யார் குடிக்கலாம், எந்த நடிகரின் படத்தைச் சட்டைப்பையில் வைத்தால் என்ன பொருள் என்பதெல்லாம் ஆறாம் வகுப்பிலேயே அத்துப்படி. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பன்னிரண்டாம் வகுப்பு மாணவனை அவன் வீட்டுக்கே போய் வெட்டியவர்கள் அவனோடு படித்தவர்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு விழுந்தது. அதன் பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. வண்ணக் கயிறுகளுக்குத் தடை, வருகைப் பதிவேட்டில் சாதி விவரம் இருக்கக் கூடாது, ஆசிரியர் எந்த மாணவரையும் நேராகவோ மறைமுகமாகவோ சாதி சொல்லி அழைக்கக் கூடாது என்றெல்லாம் அது பரிந்துரைத்தது. இவை அத்தனையும் வேண்டும். ஆனால் கயிற்றை அறுக்கச் சொல்லலாம், அதைக் கட்டிக்கொண்டபோது அவனுக்கு என்ன கிடைத்தது என்று யார் கேட்பது? பதினாறு வயதில் 'நான் ஒரு ஆள்' என்று நிமிர அவனுக்கு வேறு எதுவும் கிடைக்கவில்லை என்றால் அந்தக் கயிறு சட்டைக்கைக்குள் போகும், அங்கிருந்து கைப்பேசிக்குள் போகும்.

வகுப்பறை தர வேண்டியது அந்த 'வேறு ஏதாவது'தான் என்று நான் நினைக்கிறேன். ஒரு பிள்ளை ஒரே நேரத்தில் அக்காவாகவும் கோலி விளையாட்டில் கெட்டிக்காரியாகவும் பாட்டியின் செல்லமாகவும் கணக்கைக் கண்டு நடுங்குபவளாகவும் இருக்கிறாள். இவற்றுக்கெல்லாம் வகுப்பில் ஒரு கனம் இருந்தால், தெருவுக்கு இருக்கும் கனம் கொஞ்சமாவது குறையும். ஆண்டு விழா நாடகத்தில் ராஜா வேஷம் யாருக்கு, சாமரம் வீசும் வேஷம் யாருக்கு என்பதையும், காலை வணக்கத்தில் மேடையேறுவது யார், குடிநீர்த் தொட்டியைக் கழுவுவது யார் என்பதையும் ஓர் ஆண்டு முழுக்கக் குறித்துவைத்துப் பார்க்கச் சொல்லுவேன். 'நான் யார்?' தாளைவிட அந்தக் குறிப்பு அதிகம் சொல்லும்.

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது, அதை எளிதாகக் கடந்துவிட முடியாது. பிள்ளையின் வீட்டு அறிவை வகுப்புக்குள் கொண்டுவரச் சொல்கிறார்கள். சரியான யோசனைதான். கடற்கரைப் பள்ளியில் மீன்களின் பெயரையும் காற்றின் போக்கையும் பிள்ளைகள் சொல்ல ஆரம்பித்தால் ஆசிரியர் மாணவராகிவிடுவார். தலை குனிந்தே இருந்த பையன் அன்று நிமிர்ந்து உட்காருவதை நான் பார்த்திருக்கிறேன். அதே யோசனையோடு இன்னொரு பள்ளியில் ஓர் ஆசிரியர், "உங்க அப்பா நல்லாப் பறை அடிப்பாராமே, ஒருநாள் கூட்டிட்டு வாடா" என்று எல்லார் முன்னாலும் சொன்னார். பறையின் பெருமையை உணர்ந்துதான் சொன்னார். இன்று எத்தனையோ மேடைகளில் கம்பீரமாக ஒலிக்கும் கருவி அது. ஆனால் அந்தப் பையனின் அப்பா அந்த ஊர்ச் சாவு வீடுகளில் கட்டாயத்துக்கு அடித்துக்கொண்டிருந்தவர். மகன் அதிலிருந்து வெளியே வரட்டும் என்றுதான் பள்ளிக்கு அனுப்பினார். பையன் இரண்டு நாள் வகுப்புக்கு வரவில்லை.

மீனவப் பிள்ளைக்குச் சிறகாக இருந்தது இவனுக்கு ஏன் விலங்காக ஆனது? கருவியில் குறை இல்லை. எதைச் சொல்வது, எப்போது சொல்வது, யார் முன்னால் சொல்வது என்பதை அவனுக்குப் பதிலாக வேறொருவர் முடிவு செய்தார். அவனே ஒருநாள் பறையைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தால் அது வேறு கதை. ஒருவேளை கல்லூரியில் அப்படி வருவான், ஒருவேளை வரவே மாட்டான். இரண்டும் அவன் உரிமை.

பெருமாள்முருகன் தொகுத்த 'சாதியும் நானும்' 2013இல் வந்தது. அவரிடம் படித்த மாணவர்கள் பலர் அதில் தங்கள் சாதி அனுபவத்தை எழுதியிருக்கிறார்கள். பாதிக்கப்பட்டவர்கள் மட்டுமல்லாமல், தங்கள் வீட்டில் பிறரை ஒதுக்கிவைத்த வழக்கத்தோடு வளர்ந்தவர்களும் எழுதினார்கள். ஒரு பாட வேளையில் நிரப்பிய படிவம் இல்லை அது. ஆசிரியரோடும் ஒருவரோடொருவரும் நெடுநாள் பழகிய நம்பிக்கையில் வளர்ந்த எழுத்து. எழுதியவர்கள் வளர்ந்தவர்கள், தாங்களாக முன்வந்தவர்கள். பள்ளியில் இதை அப்படியே செய்ய முடியாது. அதன் பொறுமையை எடுத்துக்கொள்ளலாம்.

என் வகுப்பில் நான் செய்தது சிறிய காரியம். எல்லாருக்கும் ஒரு தனி நோட்டு. வாரத்தில் ஒரு பாட வேளை. கேள்விகள் சுற்றிவளைத்து வரும். யாரிடமிருந்து எதைக் கற்றுக்கொண்டாய்? எந்தப் பெயரால் கூப்பிட்டால் உனக்குப் பிடிக்கும்? உன்னைப் பற்றி மற்றவர்கள் நினைப்பதில் எது தவறு? மதிப்பெண் கிடையாது, சிவப்பு மை கிடையாது. பக்கத்தை மடித்துவைத்தால் நான் படிக்க மாட்டேன். வாசித்துக் காட்ட விரும்புகிறவர்கள் வாசிக்கலாம், மற்றவர்களைக் கேட்க மாட்டேன். நானும் அவர்களோடு உட்கார்ந்து எழுதுவேன், என்னுடையதை முதலில் வாசிப்பேன். கிராமத்திலிருந்து நகரத்துக் கல்லூரிக்குப் போனபோது என் பேச்சுத் தமிழைக் கேட்டுச் சிரித்தார்களே, அதை வாசித்த அன்று நிறையப் பேர் வாசிக்க முன்வந்தார்கள். ஜூன் மாதத்தில் பெரும்பாலும் மடித்த பக்கங்களாகவே இருக்கும். பொங்கல் விடுமுறை முடிந்து வரும்போது குறைந்திருக்கும். சிலர் கடைசிவரை மடித்தேதான் வைத்திருந்தார்கள். அதுவும் ஒரு பதில்தான் என்று எடுத்துக்கொண்டேன்.

அயோவா மாநிலத்தில் ரைஸ்வில் என்ற சிற்றூரில், மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட மறுநாள், 1968 ஏப்ரல் 5 அன்று, ஜேன் எலியட் என்ற ஆசிரியை மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளைக் கண்ணின் நிறத்தை வைத்து இரண்டாகப் பிரித்து, பாகுபாடு என்றால் என்ன என்று காட்டினார். இங்கேயும் அதைச் செய்து பார்க்கலாமா என்று அந்த இளம் ஆசிரியர்கள் கேட்கிறார்கள். வெள்ளைக்காரப் பிள்ளைகள் மட்டுமே இருந்த அந்த வகுப்புக்கு அவர் ஒரு பிரிவினையைப் புதிதாக உண்டாக்க வேண்டியிருந்தது. நமக்கு அந்தத் தேவையே இல்லை. அந்த வலியை ஏற்கெனவே அறிந்த பிள்ளைகளை மறுபடியும் அதற்குள் தள்ளுவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

ஆசிரியர்களிடமிருந்துதான் மாற்றம் ஆரம்பிக்க வேண்டும். மதிய உணவு இடைவேளையில் ஆசிரியர் அறையில் யார் யாரோடு டிபன் பாக்ஸைத் திறக்கிறார்கள் என்பதைச் சன்னல் வழியாகப் பிள்ளைகள் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். பி.எட். படிப்பில் ஒவ்வொருவரும் தன் பள்ளி வாழ்க்கையை எழுதட்டும்: எந்தத் தெருவிலிருந்து வந்தேன், யாரைத் தொடாமல் வளர்ந்தேன், யார் என்னைத் தொடாமல் போனார்கள், எதை இன்றும் மறைக்கிறேன். பக்கத்தை மடித்துவைக்கும் உரிமை அவர்களுக்கும் இருக்கட்டும். தன் பக்கத்தை ஒருமுறை மடித்துப் பார்த்தவருக்குத்தான் பிள்ளையின் மடித்த பக்கத்தின் மதிப்பு தெரியும்.

நோட்டு முறையைத் தொடங்கப்போகிறவர்கள் ஒன்றை முதல் நாளே பிள்ளைகளிடம் சொல்லிவிட வேண்டும். "நீ எழுதுவதை யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று வாக்குக் கொடுக்க நமக்கு உரிமை இல்லை. பாலியல் வன்முறை பற்றித் தெரியவந்தால் புகார் செய்வது 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி கட்டாயம். அடி உதையோ குழந்தைத் திருமணமோ என்றால் குழந்தைகள் உதவி எண்ணான 1098ஐ அழைத்தாக வேண்டும். "மற்றதெல்லாம் நமக்குள் இருக்கும். உன் உடம்புக்கோ உயிருக்கோ ஆபத்து என்றால் மட்டும் நான் சும்மா இருக்க மாட்டேன், யாரிடம் போகிறேன் என்பதை உன்னிடம் சொல்லிவிட்டுத்தான் போவேன்" என்று சொல்லிவிடுங்கள். அதைக் கேட்ட பிறகு எழுத வேண்டாம் என்று நினைக்கிற பிள்ளை எழுதாமல் இருக்கட்டும். என் அனுபவத்தில், அதைக் கேட்ட பிறகுதான் எழுத ஆரம்பித்தவர்கள் அதிகம்.